வங்கிச் சேவையில் குறைபாடு: முறையீடும் தீர்வும்

நாட்டின் பொருளாதார வளர்ச்சிக்கு முதலீடு அடிப்படை; முதலீட்டுக்கு மக்களின் சேமிப்பு அடிப்படை. அச்சேமிப்பு வீட்டுப் பெட்டியிலிருந்து வெளிவந்து வங்கியின் வைப்புத் தொகையாக மாறும்போதுதான் வேளாண்மைக்கும் தொழிலுக்கும் வாணிபத்துக்கும் பயன்படும் மூலதனம் ஆகிறது. இம்மாற்றம் பெரும்பாலும் வங்கிக் கிளையின் கவுண்ட்டரில் நிகழ்கிறது. எனவே, அங்கு வாடிக்கையாளர் எவ்வாறு நடத்தப்படுகிறார் என்பது பண்பாடு, மரியாதை ஆகியவற்றோடு நின்றுவிடாமல் பொருளாதார முக்கியத்துவமும் பெறுகிறது.

வங்கிச் சேவை பற்றிய மனக்குறைகள் புதியனவல்ல. ஆளில்லாத கவுண்ட்டர், நகராத வரிசை, காரணம் தெரிவிக்காமல் கழிக்கப்பட்ட கட்டணம், ஒருமுறை அளித்த ஆவணங்களையே மீண்டும் கேட்டல், பதில் வராத கடிதம் ஆகியவை பல தலைமுறை வாடிக்கையாளர்கள் அறிந்தவை. இக்குறைகளைக் களைவதற்கெனக் கடந்த ஐம்பது ஆண்டுகளில் பல குழுக்கள் அமைக்கப்பட்டன; விதிகள் வகுக்கப்பட்டன; தனி அமைப்புகளும் தோற்றுவிக்கப்பட்டன. ஆயினும் குறைகள் தொடர்கின்றன. விதிகளின் பற்றாக்குறை இதற்கு முதன்மையான காரணமன்று. வாய்மொழியாகச் சொல்லப்பட்ட குறை எழுத்தில் பதிவாகாமல் போவதால், இருக்கின்ற விதிகளும் செயலற்றுவிடுகின்றன. திருவனந்தபுரம் நகரின் வங்கி அனுபவத்தைக் கொண்டு இதனை ஆராய்வது பயனுடையதாகும்.

நம்பிக்கையின் வரலாறு

வங்கி முறிவின் துயரத்தை நேரில் அறிந்த பகுதி கேரளம். திருவிதாங்கூர் தேசிய வங்கியும் குயிலோன் வங்கியும் 1937-ஆம் ஆண்டு இணைந்து உருவான பெரும் வங்கி, அடுத்த ஆண்டே முறிந்தது. 1960-ஆம் ஆண்டில் பாலை சென்ட்ரல் வங்கி மூடப்பட்டபோது சிறு சேமிப்பாளர்கள் பெரிதும் பாதிக்கப்பட்டனர். அம்முறிவு நாடு முழுவதும் எழுப்பிய கவலையின் விளைவாக, 1962 ஜனவரி 1 முதல் வைப்புத் தொகைகளுக்குக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் ஒரு வைப்பாளருக்கு 1,500 ரூபாயாக இருந்த காப்பீட்டு வரம்பு, 2020 பிப்ரவரியில் 5 இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது.

இச்சூழலில் மக்களின் நம்பிக்கைக்கு ஆதாரமாக விளங்கியது அரசின் ஆதரவு பெற்ற வங்கி. 1945-ஆம் ஆண்டு திருவிதாங்கூர் அரசின் ஆதரவில் ‘திருவிதாங்கூர் வங்கி’ தொடங்கப்பட்டது. அது 1960-ஆம் ஆண்டில் பாரத ஸ்டேட் வங்கியின் துணை வங்கியாகி, ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவாங்கூர் என்னும் பெயரைப் பெற்றது. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அவ்வங்கி, 1956-ஆம் ஆண்டு வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் அடங்கியிருந்த கன்னியாகுமரி மாவட்டத் தமிழர்களுக்கும் நன்கு அறிமுகமானது. ஊதியம், ஓய்வூதியம், வெளிநாட்டில் பணிபுரிவோர் அனுப்பும் தொகை ஆகிய பலவும் அதன் கிளைகள் வழியே குடும்பங்களைச் சென்றடைந்தன.

இணைப்பும் வாடிக்கையாளரும்

2017 ஏப்ரல் 1-ஆம் நாள் இவ்வங்கி, மற்ற நான்கு துணை வங்கிகளுடனும் பாரதிய மகளிர் வங்கியுடனும் சேர்த்து, பாரத ஸ்டேட் வங்கியுடன் இணைக்கப்பட்டது. முந்தைய ஆண்டில் கேரளச் சட்டமன்றம் இணைப்பை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. இணைப்பின் பொருளாதார நன்மைகள் பற்றிய விவாதம் ஒருபுறமிருக்க, சாதாரண வாடிக்கையாளர் அதனை வேறு வகையில் உணர்ந்தார். காசோலைப் புத்தகத்தை மாற்ற வேண்டியிருந்தது. பழைய காசோலைகளுக்குக் காலக்கெடு விதிக்கப்பட்டுப் பின்னர் நீட்டிக்கப்பட்டது. பணப் பரிமாற்றத்துக்கான கிளைக் குறியீடு மாறியது.

இணைப்பு நிகழ்ந்த அதே நாளில் மற்றொரு மாற்றமும் வந்தது. சேமிப்புக் கணக்கில் குறைந்தபட்ச சராசரி இருப்பு வைக்காதோருக்கு அபராதக் கட்டணம் விதிக்கும் முறையைப் பாரத ஸ்டேட் வங்கி 2017 ஏப்ரலில் மீண்டும் கொண்டுவந்தது. ஊரின் தன்மைக்கேற்ப 1,000 ரூபாய் முதல் 5,000 ரூபாய் வரை இருப்பு வைக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு ஏப்ரல் முதல் நவம்பர் வரை இவ்வகையில் அவ்வங்கி பெற்ற தொகை ஏறத்தாழ 1,772 கோடி ரூபாய். பொதுமக்களின் எதிர்ப்பினால் கட்டணங்கள் படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 2020 மார்ச்சில் இவ்வபராதம் முற்றிலும் நீக்கப்பட்டது.

இதில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. குறைந்தபட்ச இருப்புக் கட்டணம் பற்றி ரிசர்வ் வங்கி 2014 நவம்பரிலேயே விதி வகுத்திருந்தது. இருப்பு குறைந்ததும் வாடிக்கையாளருக்குத் தெரிவித்தல் வேண்டும். சரிசெய்ய ஒரு மாதத்துக்குக் குறையாத அவகாசம் அளித்தல் வேண்டும். கட்டணம் கழிப்பதாலேயே கணக்கின் இருப்பு சுழியத்துக்குக் கீழே செல்லுதல் கூடாது. இவ்விதியை அறிந்து, தனக்கு அறிவிப்பு வந்ததா என எழுத்து மூலம் கேட்ட வாடிக்கையாளர் ஓர் உரிமையைப் பயன்படுத்தினார். கவுண்ட்டரில் நின்று கோபித்துக்கொண்டு வீடு திரும்பியவரின் குறை எந்த ஏட்டிலும் இடம்பெறவில்லை.

குறைகள் எழும் காரணங்கள்

சேவைக் குறைவுக்கு ஊழியர்களின் மனப்போக்கையே காரணமாகக் காட்டுவது எளிது. ஆனால் அது முழு உண்மையன்று. 1969-ஆம் ஆண்டில் 14 வங்கிகளும் 1980-இல் மேலும் 6 வங்கிகளும் நாட்டுடைமையாக்கப்பட்டன. 1969-இல் 8,000-க்குச் சற்று அதிகமாக இருந்த கிளைகள், 1990-ஆம் ஆண்டில் 60,000-ஐ நெருங்கின. வங்கியின் வாயிலையே காணாதிருந்த கோடிக்கணக்கானோர் கணக்குத் தொடங்கினர். இது பெரும் சமூக முன்னேற்றம். ஆனால், பெருகிய பணிக்கு ஏற்ப முறைகள் உடனே மாறவில்லை. பேரேடும் பற்றுச்சீட்டும் கொண்டு இயங்கிய கிளைகளில் தாமதம் தவிர்க்க முடியாததாயிற்று.

கணினி வந்தபின் குறையின் இயல்பு மாறியது. முன்னர்ப் பிழை செய்த எழுத்தர் எதிரில் இருந்தார். பேரேட்டைப் புரட்டித் திருத்தவும் முடிந்தது. இப்போது கட்டணத்தைக் கழிப்பதும், ஆவணம் புதுப்பிக்கப்படாத கணக்கை முடக்குவதும் தொலைவிலுள்ள மையக் கணினியின் செயல்களாகும். கிளை ஊழியருக்கு அதன் காரணம் தெரியாமலிருக்கலாம். தெரிந்தாலும் மாற்றும் அதிகாரம் இராது. ‘கணினியில் அப்படித்தான் வருகிறது’ என்னும் விடை இச்சூழலில் பிறந்ததே. அத்துடன், காப்பீடு முதலிய பிற நிறுவனத் திட்டங்களை விற்கும் இலக்கும் கிளை ஊழியர் மீது சுமத்தப்படும்போது, அன்றாடச் சேவைக்குரிய நேரம் குறைகிறது.

இதன் பாதிப்பு எல்லோர்க்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. கைப்பேசி வழியே கணக்கை இயக்குவோர் கிளைக்கு வருவது அரிது. முதியோர், ஓய்வூதியர், எழுத்தறிவு குறைந்தோர், வாழ்க்கைத் துணையை இழந்து உரிமை கோர வருவோர் ஆகியோரே இன்று கிளையைப் பெரிதும் நம்பியிருப்பவர்கள். ஆகவே கவுண்ட்டரின் சேவை சீர்குலையுமானால், மாற்று வழி இல்லாதவர்களே முதலில் துன்புறுகின்றனர்.

குழுக்கள் கண்ட முடிவுகள்

வாடிக்கையாளர் சேவையை ஆராய இந்திய அரசு 1975-இல் ஆர்.கே. தல்வார் தலைமையில் பணிக்குழு ஒன்றை அமைத்தது. ரிசர்வ் வங்கி 1990-இல் எம்.என். கோய்போரியா தலைமையில் அமைத்த குழு, அடுத்த ஆண்டில் அறிக்கை அளித்தது. 2010-இல் எம். தாமோதரன் தலைமையில் மற்றொரு குழு அமைக்கப்பட்டு, 2011-இல் அதன் அறிக்கை வெளிவந்தது.

இக்குழுக்களின் பரிந்துரைகளை ஒட்டி வங்கிகளுக்கு அளிக்கப்பட்ட அறிவுரைகளில் சில மிக எளியவை. அலுவல் தொடங்குவதற்கு 15 நிமிடம் முன்னதாகவே ஊழியர் தம் இடத்தில் இருத்தல். அலுவல் நேரத்தில் எந்தக் கவுண்ட்டரையும் ஆளின்றி விடாதிருத்தல். நேரம் முடியுமுன் கிளைக்குள் வந்துவிட்ட அனைவருக்கும் பணி முடித்துக் கொடுத்தல். மாதம் ஒருமுறையேனும் கிளை அளவில் வாடிக்கையாளர் குழுவைக் கூட்டுதல் என்பன அவை. 2017 நவம்பரில், 70 வயதுக்கு மேற்பட்டோருக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் முன்னுரிமையுடன் சேவை அளிக்கும் கவுண்ட்டர் தேவை எனவும் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது.

இவற்றுள் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது புகார்ப் புத்தகம். துளையிட்டுக் கிழிக்கத்தக்க படிகளைக் கொண்ட அப்புத்தகத்தில் குறையை எழுதியவுடன், ஒரு படி ஒப்புகையாக வாடிக்கையாளரிடம் சேரும். மற்றொரு படி கிளையைக் கட்டுப்படுத்தும் மேல் அலுவலகத்துக்குச் செல்லும். குறை கூறப்பட்ட அலுவலகமே அக்குறையை மறைத்துவிட இயலாதபடி இம்முறை வகுக்கப்பட்டுள்ளது. தொலைபேசியிலோ இணைய வழியிலோ புகார் செய்யும்போது கிடைக்கும் பதிவு எண்ணும் இதே பணியைச் செய்கிறது. நாளும் எண்ணும் உடைய ஒப்புகை இல்லையெனில், பின்வரும் உரிமைகளைக் காலக்கணக்குடன் நிலைநாட்டுதல் கடினம்.

விதிகள் தரும் உரிமைகள்

முதலாவதாக, ஏ.டி.எம். எனப்படும் தானியங்கிப் பண இயந்திரத்தில் பணம் வராமலே கணக்கில் பற்று வைக்கப்படும் நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளலாம். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வகுத்த விதிப்படி, நிகழ்ச்சி நடந்த நாளிலிருந்து ஐந்து நாட்களுக்குள் அத்தொகையை வங்கி தானாகவே திருப்பி வரவு வைத்தல் வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. ஒரு மாதத்தின் முதல் நாளன்று தவறிய தொகை 26-ஆம் நாள் வரவு வைக்கப்பட்டது எனக் கொள்வோம். ஆறாம் நாள் வரை வங்கிக்கு அவகாசம். எஞ்சிய 20 நாட்களுக்கு 2,000 ரூபாயும் வாடிக்கையாளருக்கு உரியது. இதனைக் கேட்டுப் பெற வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை.

இரண்டாவதாக, வாடிக்கையாளரின் அனுமதியின்றி நடைபெறும் மின்னணுப் பரிமாற்றம். 2016 ஆகஸ்டில் திருவனந்தபுரம் ஆல்தரை சந்திப்பிலுள்ள ஏ.டி.எம். ஒன்றில் வெளிநாட்டினர் சிலர் இரகசியக் கருவி பொருத்தி அட்டை விவரங்களைத் திருடினர். அவற்றைக் கொண்டு மும்பையில் பணம் எடுக்கப்பட்டது. திருவனந்தபுரத்தில் இருந்தோரின் கணக்கு மும்பையில் குறைந்தது. இத்தகைய இழப்பை யார் ஏற்பது என்ற கேள்விக்கு 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி விடையளித்தது. வங்கியின் கவனக்குறைவு காரணமாயின் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை. இருவர் மீதும் தவறின்றி முறையில் வேறெங்கோ குறை நேர்ந்திருந்து, வங்கியின் அறிவிப்பு கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் வாடிக்கையாளர் தெரிவித்துவிட்டாலும் அவருக்குப் பொறுப்பில்லை. நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் தெரிவித்தால், சாதாரண சேமிப்புக் கணக்கினரின் பொறுப்பு 10,000 ரூபாய்க்கு மேற்படாது. தெரிவித்த 10 வேலை நாட்களுக்குள் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்கவும், 90 நாட்களுக்குள் முடிவு காணவும் வங்கி கடமைப்பட்டது. தவறு வாடிக்கையாளருடையது என்று மெய்ப்பிக்கும் சுமையும் வங்கியையே சார்ந்தது.

இக்கருத்தைக் கேரள உயர் நீதிமன்றம் 2019-இல் அளித்த தீர்ப்பொன்றில் மேலும் வலியுறுத்தியது. கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்பியும் வாடிக்கையாளர் பதிலளிக்கவில்லை என்ற காரணத்தைக் காட்டி, அனுமதியின்றி எடுக்கப்பட்ட தொகைக்கான பொறுப்பிலிருந்து வங்கி விலகிக்கொள்ள முடியாது என்று அது கூறியது. குறுஞ்செய்திகளை நாள்தோறும் பார்க்கும் வழக்கம் எல்லோர்க்கும் இராது என்பதையும் நீதிமன்றம் கருத்திற்கொண்டது.

மூன்றாவதாக, இறந்தவர் கணக்கிலுள்ள தொகை. துயருற்ற குடும்பத்தைப் பலமுறை அலைக்கழிக்கும் பணி இது. நியமனதாரரைக் குறிப்பிடும் முறை 1985 முதல் நடைமுறையில் உள்ளது. 2025 நவம்பர் 1 முதல் நால்வர் வரை நியமிக்கலாம். உரிய ஆவணங்களைப் பெற்ற 15 நாட்களுக்குள் நியமனதாரரின் கோரிக்கையைத் தீர்த்தல் வேண்டும் என்பது விதி. ஆவணங்கள் எந்த நாளில் கொடுக்கப்பட்டன என்பதற்கு ஒப்புகை பெறாத குடும்பம், இப்பதினைந்து நாட்களை எந்நாளிலிருந்து எண்ணுவது?

குறைதீர்ப்பாளர் அமைப்பு

வங்கியிடம் நியாயம் கிட்டாதவருக்கென, ஓம்புட்ஸ்மன் எனப்படும் வங்கிக் குறைதீர்ப்பாளர் திட்டத்தை ரிசர்வ் வங்கி 1995-இல் அறிமுகப்படுத்தியது. 2002, 2006 ஆகிய ஆண்டுகளில் அது திருத்தியமைக்கப்பட்டது. 2021 நவம்பர் 12-ஆம் நாள் வங்கிகள், வங்கியல்லாத நிதி நிறுவனங்கள், மின்னணுப் பணப் பரிமாற்ற நிறுவனங்கள் ஆகியவற்றுக்கெனத் தனித்தனியே இருந்த திட்டங்கள் ஒன்றாக்கப்பட்டன. குறைதீர்ப்பாளர் அலுவலகம் திருவனந்தபுரத்திலும் உண்டு. எனினும் இத்திட்டத்தின் கீழ், இன்ன ஊரார் இன்ன அலுவலகத்தையே நாட வேண்டும் என்ற கட்டுப்பாடு நீக்கப்பட்டது. அஞ்சல் வழியாகவும் மின்னஞ்சலிலும் வரும் முறையீடுகளைப் பெறச் சண்டிகரில் ஒரு மையம் அமைக்கப்பட்டது. 14448 என்னும் எண்ணில் கட்டணமின்றி விளக்கம் பெறலாம்.

முறையீட்டுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் ஒரு நிபந்தனை இன்றியமையாதது. முதலில் வங்கியிடம் எழுத்து மூலம் முறையிட்டிருத்தல் வேண்டும். வங்கி மறுத்திருந்தாலோ, அதன் விடை நிறைவளிக்காவிட்டாலோ, 30 நாட்களுக்குள் விடையே வராவிட்டாலோ மட்டும் குறைதீர்ப்பாளரை அணுகலாம். இப்படியைத் தாண்டி நேரே செல்லும் முறையீடு, அதன் நியாயம் எதுவாயினும், ஏற்கப்படுவதில்லை. கடன் தர மறுப்பது போன்ற வங்கியின் வணிக முடிவுகளும், நீதிமன்றத்தில் நிலுவையிலுள்ள விவகாரங்களும் இத்திட்டத்தின் எல்லைக்கு வெளியே நிற்பவை.

நேர்ந்த இழப்புக்காக 20 இலட்சம் ரூபாய் வரையிலும், காலவிரயம், மனவேதனை ஆகியவற்றுக்காக 1 இலட்சம் ரூபாய் வரையிலும் இழப்பீடு வழங்கும் அதிகாரத்தை 2021-ஆம் ஆண்டுத் திட்டம் குறைதீர்ப்பாளருக்கு அளித்தது. இதனினும் வேறு தீர்வை நாடுவோருக்கு நுகர்வோர் ஆணையங்கள் உள்ளன. 1986-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் அதற்குப் பதிலாக வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் வங்கிப் பணி ‘சேவை’ என்னும் சொல்லின் பொருளில் அடங்கும்.

செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகள் பெறப்படுகின்றன. கிளை மேலாளர்கள், புகார்களின் எண்ணிக்கை குறைவாயிருப்பதையே நற்சேவையின் அடையாளமாகக் கருதுதல் கூடாது. புகார்ப் புத்தகம் வெறுமையாக இருப்பதற்கு, வாடிக்கையாளர் மனநிறைவு பெற்றிருப்பது ஒரு காரணமாகலாம். புத்தகம் கேட்டும் கிடைக்காதிருப்பது மற்றொரு காரணமாகலாம். ஆய்வுக்கு வரும் மேல் அதிகாரி இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிய, வரிசையில் நிற்போரிடம் சில வினாக்கள் கேட்டாலே போதும். எண்ணிக்கையைக் கொண்டு கிளையைக் குறைகூறுவதை விடுத்து, பதிவான புகார் எத்தனை நாட்களில் தீர்ந்தது என்பதை அளவுகோலாகக் கொண்டால், புகாரைப் பதிவு செய்யும் தயக்கம் நீங்கும்.

2021 ஜனவரியில் ரிசர்வ் வங்கி மேற்கொண்ட நடவடிக்கையும் இத்திசையில் அமைந்ததே. குறைதீர்ப்பாளரிடம் சராசரியை மீறிய அளவில் முறையீடுகள் செல்லக் காரணமாகும் வங்கிகள், அவற்றைத் தீர்க்கும் செலவின் ஒரு பகுதியை ஏற்க வேண்டும் என அது விதித்தது. கிளையிலேயே குறையைத் தீர்த்தல் வங்கிக்கும் சிக்கனமானது என்பதை இது உணர்த்துகிறது. கிளை ஊழியர்க்குச் சிறு கட்டணங்களைத் திருப்பித் தரும் அதிகாரத்தை அளித்தலும், மலையாளத்திலும் தேவையான இடங்களில் தமிழிலும் படிவங்களைத் தட்டுப்பாடின்றி வைத்தலும் பெரும் செலவின்றி நிறைவேற்றத்தக்கவை.

வாடிக்கையாளருக்கும் கடமை உண்டு. கணக்கு விவரத்தை மாதந்தோறும் சரிபார்த்தல், நியமனதாரரைப் பதிவு செய்தல், இரகசிய எண்களைப் பிறரிடம் கூறாதிருத்தல், குறையை அன்றே எழுதிக் கொடுத்து ஒப்புகை பெறுதல் ஆகியன அவை. எழுத இயலாதவர்க்கு இப்பணியில் உதவ மாணவர் அமைப்புகளும் ஓய்வூதியர் சங்கங்களும் முன்வரலாம். எழுத்தறிவில் முன்னிற்கும் கேரளத்தில் இது அரிய செயலன்று.

பாலை சென்ட்ரல் வங்கியின் முறிவுக்குப் பின் வந்த காப்பீடு, வங்கி வீழ்ந்தாலும் சேமிப்பாளரைக் காக்கும் ஏற்பாட்டைத் தந்தது. நன்கு இயங்கும் வங்கியிலும் தம் பணத்துக்காகத் தவிக்கும் சேமிப்பாளரைக் காக்க, நாளிட்டு ஒப்புகை அளிக்கப்பட்ட புகாரும் அதற்குக் காலக்கெடுவுக்குள் தரப்படும் எழுத்துப்பூர்வமான விடையும் தேவை. இவ்விரண்டும் ஒவ்வொரு கிளையிலும் வழக்கமாகுமானால், ஐம்பது ஆண்டுகளாக வகுக்கப்பட்ட விதிகளின் பயன் கவுண்ட்டரின் முன் நிற்கும் கடைசி மனிதரையும் சென்றடையும்.